நான்காவது புகார்

கை சுருசுருங்குது என்று மனைவி அபிதகுசாம்பாள் முதன்முதலில் சொன்னபோது, திருமலை அதை நான்காவது புகாராகக் குறித்துக்கொண்டார்.

முதல் மூன்றும் அதற்கு முன்பே வரிசையில் நின்றுகொண்டிருந்தன. ஒன்று, வேக்குவம் கிளீனரில் தூசி சேரும் துணிப்பையின் கிளிப் நிற்பதில்லை. மிஷின் ஓடும்போதே கழன்று, உறிஞ்சியதையெல்லாம் வீட்டுக்குள்ளேயே திரும்ப ஊதிவிடுகிறது. இரண்டு, குழாயின் வளைவில் பட்டுக் கழிவு போய் அடைத்துக்கொள்கிறது. குடைக்கம்பியை விட்டுக் குடைந்தால்தான் வெளியே வருகிறது. மூன்று, ஒயர் குட்டை. கடைசித் தறிக்கு எட்டுவதில்லை. புகார்கள் எந்த நாளில் தலைகாட்டினவோ அந்த வரிசையில்தான் எழுத வேண்டும் என்பது திருமலையின் முறை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். இடது பக்கம் அனுப்புநர், அதன் கீழே பெறுநர், பொருள், பார்வை, பிறகு எண் போட்ட பத்திகள். அடியில் கார்பன் வைத்து எடுத்த நகலைத் தேதிவாரியாக நூலில் கோத்துவிடுவார். மின்சார வாரியத்துக்கோ பஞ்சாயத்துக்கோ மனு எழுத வேண்டுமென்றால் தெருக்காரர்கள் அவரிடம்தான் வருவார்கள்.

அந்த வேக்குவம் கிளீனரை அவர் ஆசைக்கு வாங்கவில்லை. வீட்டின் பின்கட்டில் மூன்று தறி. இரண்டு தெரு தள்ளி ரைஸ்மில். உமி எரிக்கிற நாளில் அதன் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் கரித்தூள், ஓட்டுச் சந்து வழியாகத் தறிமேல் இறங்கும். துடைப்பத்தால் கூட்டினால் எழும்பிப் போய், தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு இழைகளில் உட்காரும். போன தையில் சந்தன நிறக் கூறைப்புடவை ஒன்றின் முந்தானையில் மிளகளவு கரும்புள்ளி விழுந்து, கல்யாண வீட்டார் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஆடி மாதம் வேலூர்ப் பொருட்காட்சியில் டை கட்டிய ஒருவர் சிமெண்டுத் தரையில் சாம்பலைக் கொட்டி, ஒரே இழுப்பில் காணாமல் அடித்துக் காட்டினார். தூள் எழும்பவேயில்லை. திருமலைக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

உடம்பு முழுக்கத் தகரம், மேலே பச்சைப் பெயிண்ட். கைப்பிடியும், வளையும் தகரக் குழாயின் மூக்கும் பளபளக்கும் நிக்கல். வீட்டில் அதற்கு யானை என்று பெயர் வைத்தவள் சின்னம்மாள். ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றுவதற்காக முள்ளிப்பட்டிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருகிறவள். மூக்கைத் தரையில் அழுத்தினால் மிஷினின் சத்தம் ஏறும், தூக்கினால் இறங்கும். அபிதம் அதை ஓட்டும்போது சின்னம்மாள் ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"இன்னா யக்கா, யானை பிளிறிகினே இருக்குது. பசி அடங்கல போலக்குது."

"வந்து நீயே ஒரு கவளம் ஊட்டேன்."

"ஐயே, எங்க வூட்ல கோழியே எம்பேச்ச கேக்கறதில்ல. யானை கேக்குமா?"

இரண்டு வாரம் கழித்து, இரண்டு தெரு தள்ளியிருக்கும் சடையப்பன் தெருவில் எதிர்ப்பட்டு, "எப்டிண்ணா இருக்குது மிஷினு?" என்று விசாரித்தார். அவர் வீட்டில் நாலு தறி. திருமலை, "ஜோரா இருக்குது சடையப்பா. துடைப்பத்த தொடவே வேணாம்" என்றார். அப்போது புகார் ஒன்றுதான் இருந்தது. சடையப்பனும் வாங்கினார். அவர் சொல்லி இன்னும் சிலர் வாங்கினார்கள். ஆவணிக்குள் ஆரணியில் ஏழு வீட்டில் அந்தப் பச்சை யானை வந்துவிட்டது என்று கம்பெனி ஏஜெண்டு கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த வரியைத் திருமலை சின்னம்மாளுக்குக்கூடப் படித்துக் காட்டினார்.

சுருசுருப்பு ஆவணி நடுவில் தொடங்கியது.

"எங்க சுருசுருங்குது?" பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"உள்ளங்கையில ஆரம்பிச்சி மணிக்கட்டு வரைக்குங்க. எறும்பு ஊர்ற மாதிரி."

"எப்பவும் இருக்குதா, மிஷின புடிக்கறப்ப மட்டுமா?"

"புடிக்கறப்பதான். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு வெரல் மரத்துப் போவுது. இழை கையில நிக்கறதே தெரியல."

அதுதான் அவரை நிமிர வைத்தது. ஒரு பாவு தீர்ந்ததும் அடுத்த பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. கண்ணால் செய்கிற வேலை அல்ல அது. விரல்நுனி பார்த்துச் செய்கிற வேலை. தெருவில் யார் வீட்டில் பாவு மாற்றினாலும் அபிதத்தைத்தான் கூப்பிடுவார்கள். அவள் பிணைத்த இடத்தில் இழை விட்டுப்போனதாக ஒருவரும் சொன்னது கிடையாது. அந்த விரல் மரத்துப்போனால் தறி மூன்றும் நின்றுவிடும்.

திருமலை மிஷினை முன்கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அவர் உட்கார்ந்து பட்டுக் கட்டுகளைப் பிரிக்கும் மரப்பலகைமேல் அதை ஏற்றி வைத்து, தானும் அந்தப் பலகைமேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஓடவிட்டு, இரண்டு கையாலும் தகர உடம்பைத் தடவிப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்தார். மூக்கைப் பிடித்தார். ஒன்றுமில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மே."

"உங்க கை எழுதற கை. மரத்துப் போனாலும் தெரியாது" என்றாள் அபிதம்.

டவுன் டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சிவப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். திருமலை கம்பெனிக்கு எழுதினார். 'நான்காவதாக, மேற்படி மிஷினை உபயோகிக்கும்போது என் மனைவியின் வலது கையில் ஒருவிதச் சுருசுருப்பு ஏற்படுவதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.'

மெட்ராஸிலிருந்து பதிலும் வந்தது. இங்கிலீஷில் அச்சடித்த தாள். துணிப்பைக்குப் புது கிளிப் இரண்டு இணைத்திருந்தார்கள். குழாய் அடைப்புக்கு, நூல் வகைகளை உறிஞ்சக் கூடாது என்று இருந்தது. ஒயரைப் பற்றி, நீளம் கம்பெனியின் அளவுப்படி சரியானதே என்று இருந்தது. நான்காவதைப் பற்றி ஒன்றுமில்லை. கடைசியில், அடியிலிருக்கும் அரக்கு முத்திரையை எங்கள் மெக்கானிக்கைத் தவிர வேறு யாராவது உடைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

திருமலை டிக்ஷனரியை வைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். பிறகு அடுத்த கடிதத்தை எழுதினார். அதிலும் வரிசை மாறவில்லை. கிளிப் இரண்டும் வந்தது, இரண்டும் நிற்கவில்லை என்பது ஒன்று. அடைப்பு இரண்டு. ஒயர் மூன்று. கை நான்கு.

புரட்டாசி முதல் வாரத்தில் மெக்கானிக் வந்தார். பாலிஷ் போட்ட ஷூவும் தோல் பையுமாக வாசலில் நின்ற அவரைத் திருமலை பின்கட்டுக்கு அழைத்துப் போனார். தறிவீட்டு வாசற்படியில் மூன்று ஜோடி செருப்பு வரிசையாகக் கிடந்தது.

"ஷூவ இங்க விட்டுட்டு வாங்க சார்."

"இன்னாத்துக்குங்க?"

"தறிகிட்ட செருப்போட போறதில்ல. மிதியில வெக்கற காலு பாருங்க. எங்க வூட்ல மட்டுமில்ல, எந்தத் தறிவூட்லயும் அப்டித்தான்."

மெக்கானிக் தன் ஷூவின் கயிற்றைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மண்தரை. ஒவ்வொரு தறிக்கும் கீழே, நெய்கிறவர் கால் தொங்கப்போட்டு மிதி மிதிப்பதற்கான இடுப்பளவுக் குழி. மழைக்காலம் தொடங்கிவிட்டதால் குழியின் ஓரம் கறுத்துக் கசிந்துகொண்டிருந்தது.

"இதக் கழட்டி மாட்டறதுக்குள்ள எனக்கு செய்யாறு பஸ் போயிடுங்க. மிஷின இங்க குடுங்க. எங்க பாத்தா இன்னா, அதே மிஷின்தான்."

முன்கூடத்துச் சிமெண்டுத் தரையில் நின்றபடி அவர் மிஷினை ஓடவிட்டார். தகரத்தைத் தட்டினார், தடவினார், தூக்கி மார்போடு அணைத்துக்கூடக் காட்டினார்.

"பாத்தீங்களா? பூனைக்குட்டி மாதிரி இருக்குது. அம்மாவுக்கு உடம்புல சத்து கம்மியா இருக்கும்."

அபிதம் கதவோரம் நின்றிருந்தாள். "மாத்திரை துன்னுகினுதான் இருக்கறேன்" என்றாள். "அது தறிவூட்லதான் கடிக்குது. இங்க கடிக்கல."

"மிஷினுக்கு எந்த ரூமுன்னு தெரியுமாம்மா?" என்று மெக்கானிக் சிரித்தார்.

திருமலையும் சிரித்தார். பிறகு பல நாள் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்ளப்போகிறார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. மெக்கானிக் நீட்டிய தாளில், மிஷின் பரிசோதிக்கப்பட்டது, குறை ஏதும் இல்லை என்பதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அபிதம் வந்து எதிரில் நின்றாள். "இனிமே அந்த யானைய நான் தொட மாட்டேன். உங்க கம்பெனிக்கு அதையும் எழுதிக்குங்க."

அவர் எழுதினார். 'இதன் காரணமாக என் மனைவி மேற்படி மிஷினை உபயோகிப்பதை நிறுத்திவிட்டார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' எழுதி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது. அபிதத்தின் விரல்களும் ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டன. கோட்டை மைதானத்துப் பக்கம் ஒரு வீட்டில் பாவு பிணைத்துவிட்டு வந்து, "ஒரு இழை வுடல" என்றாள்.

உமி எரிவது நிற்கவில்லை. கரித்தூள் இறங்குவதும் நிற்கவில்லை. ஆனால் தறிவீட்டுத் தரை சுத்தமாகத்தான் இருந்தது. பாவில் ஒரு புள்ளி இல்லை. திருமலை அதைக் கவனித்தார். யார் செய்தது என்று கேட்கவில்லை. சாயங்காலங்களில் பின்கட்டிலிருந்து மிஷின் சத்தம் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது. அவர் முன்கூடத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அபிதம் கோபம் தீர்ந்து பழையபடி எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று ஒருநாள் நினைத்தார். நினைத்ததோடு சரி.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சின்னம்மாளின் பேச்சு குறைந்தது. ஒருநாள் தார்க்குச்சி அவள் கையிலிருந்து நழுவி உருண்டு திருமலையின் காலடியில் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒன்று.

"இன்னா சின்னம்மா, பஸ்ஸுல தூங்கலையா?"

"இல்லண்ணா" என்றாள். உள்ளங்கையைப் புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துக்கொண்டு ராட்டையைச் சுற்றினாள்.

கார்த்திகை அமாவாசை. அமாவாசையன்று யாரும் தறியில் உட்காருவதில்லை. அன்றைக்குத் தறிவீட்டைக் கழுவித் துடைத்து, மற்ற நாளில் தொடாத தறிக்குழிக்குள்ளும் இறங்கிச் சுத்தம் செய்து, மாலையில் விளக்கேற்றிச் சூடம் காட்டுவார்கள். காலை எட்டு மணிக்குப் போன கரண்டு வரவில்லை. தூறல் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. திருமலை ஏழாவது கடிதத்தை இந்த முறை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவதென்று முடிவு செய்து, குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வழியில் ஃபியூஸ் கம்பி வாங்க ஸ்ரீபால் கடையில் ஏறினார்.

ஸ்ரீபால் நயினார் எலக்ட்ரிக் கடை வைத்து இருபது வருடம் ஆகிறது. ஆரணியில் பாதி வீட்டுக்கு ஒயர் இழுத்தவர் அவர்தான். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த இஸ்திரிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குள் குடியேறியிருந்த எறும்புகளை ஒரு கோழி இறகால் ஒவ்வொன்றாகத் தள்ளி வெளியே விட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் உக்காருங்க திருமலை. இதுங்கள எறக்கிவுடாம கரண்டு குடுக்க முடியாது. பாவம், மூட்டை முடிச்சோட கெளம்புதுங்க."

"நாள் பூரா எறக்குவீங்க போலக்குதே."

"கரண்டு வரட்டும். இப்ப இன்னா ஜல்தி?"

கரண்டு வந்தது. கடையில் தொங்கிய பல்புகளில் ஒன்றிரண்டு எரிந்தன. ஸ்ரீபால் எழுந்து, மூலையில் சாத்தியிருந்த ஒரு மரப்பலகையை எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, பெட்டியின் ஒயரைச் செருகினார். புறங்கையால் பெட்டியைத் தொட்டார்.

"பலகை எதுக்குங்க?" என்று திருமலை கேட்டார். பேச்சுக்காகக் கேட்டதுதான்.

"இதுல கரண்டு கசியுது. கொண்டாந்த அம்மா, தொட்டாலே சுருசுருங்குதுன்னு சொல்லிச்சு. பலகை மேல நின்னா ஒண்ணும் தெரியாது. செருப்பு போட்டுகினு தொட்டாலும் தெரியாது. சும்மா கெடக்கற மாதிரிதான் கெடக்கும். வெறுங்காலோட மண்ணுல நின்னு தொட்டுப் பாருங்க, அப்ப தெரியும். அதுவும் ஈரமா இருந்துச்சின்னா, புடிச்ச கைய வுடாது."

திருமலை பலகையைப் பார்த்தார். அதன்மேல் நிற்கும் ஸ்ரீபாலின் காலைப் பார்த்தார்.

அவருக்குத் தன் கடித நகல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டன. முன்கூடத்தில் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்த இடம் பலகை. மெக்கானிக் கழற்றாமல் நின்றது ஷூவில். இங்க கடிக்கல, தறிவூட்லதான் கடிக்குது என்றாள் அபிதம். ஆறு கடிதம் எழுதியிருக்கிறார். அந்த வார்த்தையை ஒன்றில்கூட எழுதவில்லை. அமாவாசை. குழிக்குள் இறங்குவார்கள். குழி ஊறியிருக்கிறது. கரண்டு இப்போதுதான் வந்தது.

"திருமலை? கம்பி வேணும்னீங்களே."

அவர் ஏற்கெனவே தெருவில் இருந்தார். குடை கடையிலேயே கிடந்தது. ரிஜிஸ்டர் தபால் கவர் ஸ்ரீபாலின் மேசைமேல் கிடந்தது. மார்க்கெட் தெருவைக் குறுக்கே கடந்து, ரிக்ஷாக்காரன் ஒருவன் திட்டியதைக் காதில் வாங்காமல், சேறு தெறிக்க ஓடினார். ஐம்பது வயதில் அவர் ஓடியதை அந்தத் தெரு பார்த்ததில்லை. அபிதம், அபிதம் என்று உள்ளுக்குள் ஒரே பேர்தான் அடித்துக்கொண்டிருந்தது.

தெருமுனையிலேயே மிஷின் சத்தம் கேட்டது. அது ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரே சுருதியில் நின்று இரைந்துகொண்டிருந்தது.

வாசலைத் தாண்டி முன்கூடத்துக்குள் பாய்ந்தார். அபிதம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, ஓடியாந்துகினு?"

அவர் அவளைப் பார்த்தபடி நின்றார். அவள் கையில் முறம் இருந்தது. அப்படியானால் பின்கட்டில்?

"யாரு ஓட்டறது?"

"இன்னாது?"

"யானைய யாரு ஓட்டறது?"

"சின்னம்மா" என்றாள் அபிதம். "அவதானே ஓட்டறா, நான் வுட்டதுலருந்து."

அவர் பின்கட்டுக்கு ஓடினார். தறிவீட்டு வாசற்படியில் சின்னம்மாளின் நீல வார்ச் செருப்பு ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் கிடந்தது. நடுத்தறியின் குழிக்குள் அவள் பாதி உட்கார்ந்து பாதி சாய்ந்திருந்தாள். கால் இரண்டும் ஊறிய மண்ணில் புதைந்திருந்தன. வலது கை குழாயின் நிக்கல் மூக்கைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைவிட, அது அவள் கையைப் பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மெயின் எங்கே இருக்கிறது, ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தோன்றவேயில்லை. ஓடிய வேகத்தில் மிஷினைக் காலால் எட்டி உதைத்தார். குழியின் மேல்விளிம்பில் நின்றபடி சின்னம்மாளின் தோளைப் பிடித்து இழுத்தார். குழாய் அவள் கையிலிருந்து பிய்ந்து வந்து, மண்தரையில் பாம்புபோல் புரண்டு இரைந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு சுருசுருப்புகூட இல்லை, மெக்கானிக்குக்குத் தெரியாதது போலவே. அபிதம் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் குனிந்து பார்த்தார். அவர் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. தறிவீட்டுக்குள் அவர் செருப்போடு நின்றது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

சின்னம்மாளை முன்கூடத்துப் பலகையில் கிடத்தினார்கள். அபிதம் அவள் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. வலது கை மட்டும் திறக்கவில்லை. இன்னும் எதையோ பிடித்திருப்பது போல மடங்கியே இருந்தது. உள்ளங்கையில் மூக்கின் வளையம் பட்ட இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

"ஜட்கா வண்டி பேசி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம் சின்னம்மா. பயப்படாத" என்றார் திருமலை.

அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். "எனக்கும் கடிச்சிகினுதாண்ணா இருந்துது. ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமாவா?"

"அக்காகிட்ட சொன்னேன்."

திருமலை மனைவியைப் பார்த்தார். அபிதம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாருக்கும் அப்டித்தான் இருக்கும், பழகிடும்னு சொல்லிட்டேன்" என்றாள். "எனக்குப் பாவு பிணைக்கணுமே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அதற்குச் சின்னம்மாள்தான் பதில் சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை. காரணமாகச் சொன்னாள்.

"நீங்க எழுதிகினு இருந்தீங்களேண்ணா."

ஸ்ரீபால் குடையையும் கவரையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் பின்னாலேயே வந்துவிட்டார். பலகையில் கிடந்தவளைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து அடியிலிருந்த அரக்கு முத்திரையை ஒரே குத்தில் உடைத்தார். தகர மூடியைத் திறந்தார்.

உள்ளே மோட்டார் தங்கம்போல் மின்னியது.

"இன்னாங்க இது?" என்றாள் அபிதம்.

ஸ்ரீபால் விரலால் தொட்டு வெளிச்சத்தில் காட்டினார். நகத்துண்டைவிடச் சின்னதான சரிகைப் பொடி. தறியில் நறுக்கி விழுகிற நுனிகள். துணிப்பையின் நெய்யலுக்குள் புகுந்து, கழன்ற கிளிப்பின் சந்தில் புகுந்து, மோட்டாரின் செம்புக் கம்பியிலிருந்து தகர உடம்பு வரைக்கும் அடை அடையாகப் படிந்திருந்தது.

"சரிகைன்னா வெள்ளியும் செம்பும். கரண்டுக்கு ரோடு போட்டுக் குடுத்த மாதிரி" என்றார் ஸ்ரீபால். ஒயரை இழுத்துப் பார்த்தார். "ரெண்டே ஒயரு. உடம்பு பூரா தகரத்துல பண்ணிட்டு, கசியற கரண்டு பூமிக்குப் போவ மூணாவது ஒயரே வெக்கல. மெட்ராஸ்ல மொசைக் வூட்ல செருப்போட நடக்கறவங்களுக்குப் பண்ணது. நம்ம தறிவூட்ட யாரு நெனச்சிப் பாத்தாங்க? ஒரு நாள்ல சேந்ததில்ல இது. நாலு மாசமா கொஞ்சம் கொஞ்சமா சேந்திருக்குது. முன்னாடியே தொறந்திருந்தா..."

"முத்திரைய உடைக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தாங்க" என்றார் திருமலை. சொன்ன பிறகு அந்த வாக்கியம் தன் வாயிலேயே கசந்தது.

ஸ்ரீபால் கவரை அவரிடம் நீட்டினார். "இத போஸ்ட் பண்ணலையே நீங்க."

திருமலை அதை வாங்கவில்லை. எதையோ எண்ணுவதுபோல் உதடு அசைந்தது.

"ஏழு" என்றார்.

"இன்னாது?"

"இந்த மிஷினு. ஊர்ல ஏழு வூட்ல இருக்குதுங்க. ஏழும் தறிவூடு. ஏழுலயும் சரிகைதான்." மூச்சு வாங்கியது. "இன்னிக்கு அமாவாசை."

ஸ்ரீபால் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மழை வலுத்திருந்தது. கரண்டு இருந்தது, எதிர்வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கரண்டுக்காகக் காத்திருந்து, எல்லா வீட்டிலும் இப்போதுதான் தறிக்குழிக்குள் இறங்கியிருப்பார்கள்.

"நான் ஈ.பி. ஆபீசுக்குப் போய் லைனை நிறுத்தச் சொல்றேன்" என்று ஸ்ரீபால் சைக்கிளைப் பிடித்தார். "நான் சொன்னா செய்வாங்க. ஆனா போய்ச் சேர பத்து நிமிஷம் ஆவும்."

"நான் சடையப்பன் வூட்டுக்குப் போறேன்."

"ஜட்காவ நான் பாத்துக்கறேன்" என்றாள் அபிதம். சின்னம்மாளின் மடங்கிய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தாள். விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், இழை பிரிப்பதுபோல. அது பிரியவில்லை.

திருமலை இறங்கி நடந்தார், பிறகு ஓடினார். முதல் தெரு கடந்தது. ஜோராக இருக்கிறது, துடைப்பத்தைத் தொடவே வேண்டாம் என்று தான் சொன்ன இடத்தைத் தாண்டினார். சடையப்பன் கேட்ட அன்றைக்கு அவர் கையில் காகிதம் இல்லை, எண் இல்லை. வாயால் சொன்னது, சொன்ன உடனே போய்ச் சேர்ந்துவிட்டது. ரைஸ்மில் புகைபோக்கி மழையிலும் கரியைக் கக்கிக்கொண்டிருந்தது. கறுத்த நீர் ஓட்டிலிருந்து சொட்டியது.

சடையப்பன் வீட்டு வாசலில் கோலம் கரைந்துகொண்டிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. சடையப்பா என்று கூப்பிட்டார். கூடம் காலியாக இருந்தது. நடையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனார். தறிவீட்டுப் படியில் நாலு ஜோடி செருப்பு வரிசையாக இருந்தது. கடைசி ஜோடி சின்னது, பெண்பிள்ளையினுடையது.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கதவில் கை வைத்து, ஒரு மூச்சு நேரம், அந்தச் சத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேட்டார்.

ஏறவில்லை. இறங்கவில்லை.

செருப்போடு உள்ளே போனார்.